ஒரு பைக்குப் பத்து நலப்புள்ளி

சாமித்தம்பி இருபத்தொரு வருடம் யன்னல் சட்டங்களுக்கு றப்பர் பொருத்திய தொழிற்சாலை, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தேநீர் இடைவேளைக்குப் பிறகு திறக்கவில்லை. வாசலில் வைத்து எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கேக் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வேலை தேடிப் பார்த்தார். நகரத்துக்கு வெளியே பிறம்ரன் பக்கத்துக் களஞ்சியங்கள் அவருடைய வயதைப் பார்த்தன, கார் இல்லாத அவர் அவற்றின் தூரத்தைப் பார்த்தார், அதோடு இரு தரப்பும் பிரிந்துகொண்டன. வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவியும் பத்தாம் மாதத்தில் நின்றது. மனைவி இராசமணி முதியோர் இல்லம் ஒன்றில் வாரத்தில் மூன்று நாள் துப்புரவு வேலை செய்தாள். அந்த உழைப்பு ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த பதினோராம் மாடி வீட்டு வாடகையோடு முடிந்துவிடும். மாதத்தின் கடைசிப் பத்து நாளும் சாப்பாடு என்பது இருவரும் பேசாமல் விட்ட விடயமாயிற்று.

மகன் விதுஷன் பிறம்ரனில் இருந்தான். லொறி ஓட்டினான். இரண்டு பிள்ளைகள், புதிதாக வாங்கிய வீடு.

"அவனுக்குச் சொல்லப்படாது," என்றார் சாமித்தம்பி. "புள்ளையள்ட கோப்பையில இரிந்து எடுத்துத் தருவான். அது எனக்குத் தொண்டையால இறங்காது."

இராசமணி மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகன் தொலைபேசியில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும்போது, இருவரும் ஒரே நேரத்தில் "ஓம்" என்றார்கள்.

அந்த நாட்களில்தான் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. இலவச உணவு! இலவச உடற்பயிற்சி! இலவசக் கலை! அனைவரும் வருக! தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். சாமித்தம்பிக்கு முதலாவது மட்டுமே தேவைப்பட்டது. மற்ற இரண்டும், ஒன்றை எடுத்தால் கூடச் சேர்த்துத் தரும் சாமான்கள் என்று நினைத்தார்.

கெனடி வீதியில், முன்பு கம்பளக் கடை இருந்த இடத்தில் முழுமனித நல்வாழ்வு மையம் இருந்தது. உள்ளே போனதும் பூ வாசம் அடித்தது. வலதுபக்கம் கண்ணாடிக் கதவு போட்ட குளிரறை. அதற்குள் அரிசிப் பைகள், முட்டைத் தட்டுகள், கரட், பால் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. சாமித்தம்பி கையில் கொண்டுவந்த துணிப்பையை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

"அங்கிள், முதல்ல இங்க வாங்க, உக்காருங்க," என்று ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் தீப்தி. கோயம்புத்தூரில் இருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து, மையத்தில் ஒப்பந்த வேலை செய்தாள். மேசையில் பதினாலு பக்கப் படிவம் ஒன்று இருந்தது.

"உணவோட உங்க உறவு எப்படி இருக்கு, அங்கிள்?"

சாமித்தம்பி யோசித்தார். "கொஞ்ச நாளா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, புள்ள."

தீப்தி 'சிக்கலானது' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

"சாப்பிடறப்போ குற்ற உணர்ச்சி வருமா?"

"சாப்பிடக்குள்ள ஒண்டும் வாறல்ல. சாப்பிடாட்டித்தான் தலை சுத்தும்."

"அதுக்குக் கட்டம் இல்ல அங்கிள்," என்றாள் அவள். உண்மையாகவே வருத்தப்பட்டதுபோல இருந்தது.

பதினாலாம் பக்கத்திலும் கையெழுத்துப் போட்ட பிறகு சாமித்தம்பி கேட்டார்: "அப்ப அரிசி எங்க எடுக்கிற?"

தீப்தி எழுந்து அவரைப் பணிப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பணிப்பாளர் கிளடிஸ் உயரமான, அன்பான அம்மையார். யார் பேசினாலும் தலையைச் சரித்து, கையை நெஞ்சில் வைத்துக் கேட்பார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லத் தீப்தி தமிழில் சொன்னாள்.

"பசித்தவருக்கு உணவு கொடுப்பது மிகச் சுலபம், திரு. சாமி. யார் வேண்டுமானாலும் செய்யலாம். எத்தனையோ பேர் செய்கிறார்கள். அதற்காகவா நாங்கள் ஏழு வருடம் ஆய்வு செய்தோம்? பசிக்கும்போது உணவைக் கொடுத்துவிட்டால், மனிதர் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். பிறகு அவர் வளர்ச்சியை எதை வைத்து அளப்பது? இங்கே நாங்கள் வயிற்றைத் தனியாகப் பார்ப்பதில்லை. உடல், உள்ளம், வயிறு. இந்த வரிசையில்."

வாரம் பத்து நலப்புள்ளி சேர்த்தால் ஒரு பை. உடற்பயிற்சிக்கு நான்கு, கலைக்கு நான்கு, இரண்டையும் பற்றி எழுதும் உள்நோக்குக் குறிப்புக்கு இரண்டு. எட்டுப் புள்ளி எடுத்தவருக்குப் பையில் எண்பது வீதம் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காது. பாதிப் பை கொடுப்பது மனிதரின் தன்மானத்தைப் புண்படுத்தும் என்று ஆய்வில் தெரியவந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு உடற்பயிற்சி தொடங்கியது. பயிற்சியாளர் மாக்கஸ், இறுக்கமான மஞ்சள் உடுப்பில், ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு இடுப்பை ஆட்டினார். பதினெட்டுப் பேர் ஆட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட உடல் மெலிய வேண்டியவர் இல்லை. காலையில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த சாமித்தம்பிக்கு இருபதாவது நிமிடத்தில் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாக்கஸ் ஓடிவந்து அவர் தோளைத் தட்டினார். "அருமை! உங்கள் உடலில் இருந்து நஞ்சு வெளியேறுகிறது!"

"என்னவாம்?" என்று சாமித்தம்பி தீப்தியிடம் கேட்டார்.

"உங்க உடம்புல இருந்து கெட்டது வெளிய போகுதாம் அங்கிள்."

"உள்ள ஒண்டும் இல்லயே புள்ள, வெளிய போறத்துக்கு."

தீப்தி அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். மாக்கஸ் இரண்டு கையையும் கூப்பி வணங்கினார். வெறுமை என்பது உயர்ந்த நிலை என்றும், தான் அதை அடைய இந்தோனேசியாவுக்குப் போய் ஆறு மாதம் இருக்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முதல் பை கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அரிசியும் முட்டையும் மூன்றாம் படிநிலைக்கு உரியவை என்று அப்போதுதான் தெரிந்தது. முதலாம் படிநிலைப் பையில் ஒரு பூசணிக்காய், கோதுமை சேர்க்காத பிஸ்கற் ஒரு பெட்டி, குருவிக்குப் போடுவது மாதிரிக் கறுப்பு விதை ஒரு பைக்கற், பீற்றூட் மா, ஓர் அட்டை. அட்டையில் 'நன்றியோடு மெல்லுங்கள், ஒரு வாய்க்கு நாற்பது தடவை' என்று தமிழில் எழுதியிருந்தது.

இராசமணி விதைப் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத என்னெண்டு தின்னுற?"

"தண்ணியில போட்டா ஊதுமாம். வயிறு நிறைஞ்ச மாதிரி இரிக்குமாம்."

"நிறைஞ்ச மாதிரி," என்றாள் இராசமணி. பூசணிக்காயை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அது நான்கு நாள் வந்தது.

அடுத்த வாரக் கலைப் புள்ளிக்காக அவர்களை நகரின் நடுவே இருந்த ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். வெள்ளை அறை ஒன்றின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பாண். மெழுகில் செய்த போலி இல்லை, உண்மையான, கோதுமை மாவில் சுட்ட, மேல்தோல் பொன்னிறமாக வெந்த பாண். ஒவ்வொரு நாளும் காலையில் புதிய பாணை வைத்து மாலையில் எடுத்து எறிவார்கள் என்றும், அந்த எறிதல்தான் படைப்பின் மையம் என்றும், படைப்பின் பெயர் 'இன்மை, எண் நான்கு' என்றும் வழிகாட்டிப் பெண் விளக்கினாள். மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போன பிறகும் சாமித்தம்பி நகரவில்லை. பத்து நிமிடம் நின்றார். இருபது நிமிடம் நின்றார். வழிகாட்டிப் பெண் கதவோரம் நின்று அவரைப் பார்த்தாள். அந்தப் படைப்பின் முன்னால் ஒருவர் இவ்வளவு நேரம் நின்று தான் கண்டதில்லை என்று தீப்தியிடம் தழுதழுத்தாள்.

அன்றைய உள்நோக்குக் குறிப்பில் சாமித்தம்பி எழுதியது இரண்டு வரி. "பாண் நல்லா இருக்கு. பின்னேரம் வந்தால் எறியாமல் தருவார்களா?"

அதன் ஆங்கிலப் பெயர்ப்பு மையத்தின் மாத இதழில் முதற் பக்கத்தில் வந்தது. உடைமை என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கும் குரல் என்று கிளடிஸ் அம்மையார் அதற்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். சாமித்தம்பிக்கு இரண்டு மேலதிகப் புள்ளிகள் கிடைத்தன. பாண் பற்றிப் பதில் வரவில்லை.

இப்படி மூன்று மாதம் போயிற்று. காலையில் ஆடினார். மத்தியானம் மண் பிசைந்தார், கூழாங்கல்லில் வண்ணம் பூசினார், தன் சுவாசத்துக்குப் பெயர் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் விதை வாங்கினார். இராசமணி அவருடைய காற்சட்டை இடுப்பை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். மூன்றாம் தடவை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "போதும், இனி அங்க போக வேணாம்," என்றாள். ஆனால் மூன்றாம் படிநிலைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அரிசி, முட்டை. சாமித்தம்பி போனார்.

அந்த வாரம் எல்லோரையும் தராசில் ஏற்றி எடை பார்த்தார்கள். சாமித்தம்பி இருபத்தாறு இறாத்தல் குறைந்திருந்தார். மாக்கஸ் தராசை மூன்று தடவை சரிபார்த்தார். கிளடிஸ் அம்மையார் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். மையத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு முன்னேற்றம் பதிவாகவில்லை.

"அம்மா," என்றார் சாமித்தம்பி, ஒவ்வொரு சொல்லாக. "நான் சாப்பிடல்ல. அதாலதான் மெலிஞ்ச."

தீப்தி அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அதேதான்!" என்றார் கிளடிஸ் அம்மையார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எத்தனை பேர் இதை ஒத்துக்கொள்கிறார்கள்? எல்லோரும் மருந்தைச் சொல்வார்கள், மரபணுவைச் சொல்வார்கள். இந்த மனிதர் ஒருவர்தான் உண்மையைச் சொல்கிறார். கட்டுப்பாடு!"

மூன்றாம் படிநிலைக்குப் பதிலாக அவருக்கு அதைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது. மையத்துக்கு நிதி கொடுப்பவர்களுக்கான மத்தியான விருந்தில் மேடையில் பேசும் வாய்ப்பு.

விருந்து ஏரிக்கரைப் பக்கத்து விடுதி ஒன்றில் நடந்தது. முப்பது வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு. பரிமாறுபவர்கள் ஆட்டிறைச்சியும் வெண்ணெயில் வாட்டிய உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சாமித்தம்பியோடு பயனாளிகள் ஆறு பேர் திரைக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். ஆளுக்கு ஓர் அப்பிளும் ஒரு தண்ணீர்ப் போத்தலும். விருந்தினரோடு இருத்தினால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று மையம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தது.

முதலில் கிளடிஸ் அம்மையார் பேசினார். "நண்பர்களே, இந்த நகரத்தில் பசி கூடிக்கொண்டே போகிறது. இது எங்களுக்குப் பெரிய வாய்ப்பு. சென்ற வருடம் எங்களிடம் நானூறு பேர் வந்தார்கள். இந்த வருடம் ஆயிரத்து முந்நூறு பேர். அதே அளவு உணவை வைத்துக்கொண்டு மூன்று மடங்கு மக்களை நாங்கள் தொட்டிருக்கிறோம். ஒருவருக்குப் போகும் உணவைக் குறைக்கக் குறைக்க எங்கள் திறன் கூடுகிறது. இப்படியே போனால், ஒரு நாள், உணவே இல்லாமல் முழு நகரத்தையும் தொடுவோம்!"

கைதட்டல் அடங்கியதும் சாமித்தம்பியை மேடையில் ஏற்றினார்கள். மையம் எழுதிக் கொடுத்த தாளை வாசித்தார். நான் முன்பு வயிற்றால் சிந்தித்தேன். இப்போது முழுமனிதனாகச் சிந்திக்கிறேன். பசி என் எதிரி இல்லை, என் ஆசான். இப்படி ஒன்றரைப் பக்கம். பக்கத்தில் நின்ற தீப்தி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, முந்நூறு பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை மேசையில் இறைச்சிக் குழம்பின் மேல் கொழுப்பு உறையத் தொடங்கியிருந்தது. சாமித்தம்பிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சாப்பிடுங்க," என்றார் ஒலிவாங்கியில். "ஆறிப் போகுது."

தீப்தி ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு அதையும் அப்படியே சொன்னாள்.

மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. நிறையப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஐந்து நிமிடம் கை தட்டினார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு பரிமாறுபவர்கள் திரைக்குப் பின்னால் வந்தபோது, பயனாளிகளின் வாகனம் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை விதுஷன் தொலைபேசி எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"அப்பா, லோட் இறக்க ஸ்காபரோ வந்தனான். பஸ் ஸ்டொப்பில உங்கட முகம். பெரிசா. கீழ 'பசியை வென்றவர்' எண்டு தமிழிலயும் இங்கிலிசிலயும் போட்டிரிக்கு." லொறி இயந்திரத்தின் சத்தம் கேட்டது. "ஆருக்கு அப்பா பசிச்ச?"

சாமித்தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். இராசமணி தொலைபேசியை வாங்கினாள். "அது விளம்பரம் மகன். நடிக்கக் கூப்பிட்டாங்க. அப்பா நடிச்சவர்."

"ஓகே அம்மா," என்றான் விதுஷன்.

அன்று பின்னேரம் இரண்டு மூட்டை அரிசியோடு வந்தான். கதவுக்குள்ளே வைத்தான். தகப்பனின் கழுத்தையும் சட்டைக் கொலரையும் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் போகும். தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள் தாய். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சாமித்தம்பி அந்த மூட்டைகளைத் திறக்கவிடவில்லை. இரண்டாம் நாள் இராசமணி அவரைக் கேளாமல் திறந்து உலை வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். சோறு இறங்கியது. அதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் மையத்துக்குப் போனார். படத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்பதற்காக. குளிரறையில் உணவு இல்லை. அலுமாரிகளைக் கழற்றிவிட்டு மென்மையான மெத்தைகளும் ஒரு சிறிய செயற்கை நீர்வீழ்ச்சியும் வைத்திருந்தார்கள். கதவில் 'உள்நோக்கு அறை' என்று எழுதியிருந்தது.

"விருந்துக்குப் பிறகு எங்கள் நிதி மூன்று மடங்காகிவிட்டது," என்று கிளடிஸ் அம்மையார் மகிழ்ச்சியோடு சொன்னார். "ஆகவே உணவுப் பகுதியை நிறுத்திவிட்டோம். நேர்மையாகச் சொன்னால், அது ஒரு கவனச்சிதறலாகவே இருந்தது. வந்தவர்களில் பலர் உணவுக்காகத்தான் வந்தார்கள் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. உணவு இல்லாவிட்டால் மற்றப் பகுதிகளுக்கு ஆட்கள் வருவதில்லை. ஆனால் வருகிறவர்களின் தரம் வெகுவாக உயர்ந்திருக்கிறது. நீங்களும் பட்டம் பெற்றுவிட்டீர்கள். பெயர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டுவிட்டது. வாழ்த்துகள்!"

"படத்த எடுத்துப் போடுங்க," என்றார் சாமித்தம்பி. "மகன் பாத்திட்டான்."

கிளடிஸ் அம்மையார் தலையைச் சரித்து, கையை நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு படிவத்தின் பதினோராம் பக்கத்தைக் காட்டினார். சாமித்தம்பியின் உருவம், குரல், கதை ஆகியவற்றை அண்டம் முழுவதிலும், இப்போதுள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், கால எல்லை இல்லாமல் மையம் பயன்படுத்தலாம். கீழே அவருடைய கையெழுத்து.

"உங்கள் முகம் இனி உங்களுடையது மட்டும் இல்லை," என்றார் அம்மையார். "அது நம்பிக்கைக்குச் சொந்தம்."

வெளியே தீப்தி கூடவே வந்தாள். அவளுடைய ஒப்பந்தமும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம். "நான் எதையும் மாத்திச் சொல்லல அங்கிள்," என்றாள். "நீங்க சொன்னதை எல்லாம் அப்படியேதான் சொன்னேன். அவங்களுக்கு ஏன் புரியலன்னு எனக்குத் தெரியல."

"நீங்க சரியாத்தான் சொன்ன, புள்ள," என்றார் சாமித்தம்பி. "அவங்களுக்கு நல்லா விளங்கின. அதுதான்."

அதற்குப் பிறகு, மகன் தந்த அரிசி கூடுதலான நாட்களுக்கு வரட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனார்கள். பூசை முடிய அங்கே சோறு போடுவார்கள். மூன்று பஸ் மாற வேண்டும். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு. வீட்டுக்கு வந்து சேரும்போது மறுபடி பசிக்கும்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. பஸ் தரிப்பிடக் கண்ணாடியில் சாமித்தம்பி ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு முதுகு காட்டியபடி, குளிருக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, உண்மையான சாமித்தம்பி நின்றார். பக்கத்தில் இராசமணி. தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் இளம் பெண் வந்தாள். படத்தைப் பார்த்தாள். கைத்தொலைபேசியை எடுத்துக் கீழே இருந்த முகவரியைப் படம் பிடித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், உது நீங்களோ?"

"இல்ல, புள்ள. அது வேற ஆள்."

"அப்பிடியே உங்களை மாதிரி." அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்கை சாப்பாட்டுச் சாமான் குடுக்கினமாம் எண்டு ஆரோ சொன்னவை. போய்க் கேட்டால் தருவினமோ? இவளுக்குப் பால்மாவும் வேணும்."

சாமித்தம்பி திரும்பித் தன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் நல்ல நம்பிக்கை இருந்தது. எதையும் தரமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதைச் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை இந்தக் குளிரில் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. இராசமணி அவருடைய கையை மெதுவாக இடித்தாள்.

"அங்க போகாத, புள்ள," என்றார். "நாங்க கோயிலுக்குப் போறம். மத்தியானம் சோறு குடுப்பாங்க. பால்மாவுக்கு அங்க நாலு பேரிட்டக் கேட்டுப் பாப்பம். எங்களோட வாங்க."

அவள் தள்ளுவண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டாள். "ஃபோம் ஏதும் நிரப்பவேணுமோ, அங்கிள்?"

தூரத்தில் பஸ் தெரிந்தது.

"இல்ல," என்றார் சாமித்தம்பி. "சப்பாத்த மட்டும் கழட்டவேணும்."